கண்ணைப் பதனிடும் சர்க்கரை

லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். என்ன எழுதுவது என்று கேட்டேன். "உங்க அனுபவத்தை, சார்" என்றார்கள். ஓய்வு பெற்றவனிடம் அனுபவத்தைக் கேட்பது மழை விட்ட பிறகு குடை கேட்பது மாதிரி. கொடுப்பவனுக்கு நஷ்டமில்லை, வாங்குபவனுக்கு உபயோகமுமில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன்.

மாதிரியை எப்படி எடுப்பது, எந்தக் குளிரில் வைப்பது, எந்த இயந்திரத்தில் ஓட்டுவது என்பதெல்லாம் உங்கள் மேஜையிலேயே அச்சடித்து ஒட்டியிருக்கிறது. அதை எழுதியவர்களில் நானும் ஒருவன். ஆகவே அதில் பிழை இருக்கும். அதை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது அந்தக் காகிதத்தில் ஏறாத ஒரு விஷயம்.

நீங்கள் இங்கே என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்கிறீர்களோ தெரியாது. என் மனைவி கேட்டபோது நான் இப்படிச் சொன்னேன்: கண்ணுக்குள் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி ஒரு கூழ் இருக்கிறது. பெரும்பாலும் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் தளும்பாமல் நிற்பதற்குக் காரணம் கொலாஜன் என்கிற புரதத்தின் மெல்லிய நார்கள். கூழுக்குப் பின்னால், உள்சுவரில் ஒட்டிய காகிதம் மாதிரி, விழித்திரை. ஒருவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய் இருந்தால் விழித்திரையின் ரத்தக் குழாய்கள் ஒழுக ஆரம்பிக்கும். ரத்தத்தோடு இருக்க வேண்டிய புரதங்கள் இந்தக் கூழுக்குள் வந்து குடியேறும். மூச்சுத் திணறுகிற விழித்திரை, "புதுக் குழாய் போடு" என்று ஒரு புரதத்தைத் தூது அனுப்பும். அவசரத்தில் போட்ட அந்தக் குழாய் நம் நகராட்சிக் குழாய் மாதிரி, போட்ட மறுநாளே உடையும். போதாக்குறைக்கு, சர்க்கரை அந்தக் கொலாஜன் நார்களில் ஏறி உட்கார்ந்து ஒன்றையொன்று பிணைத்துவிடும். பிணைந்த நார் இறுகும், சுருங்கும். சுருங்கும்போது தன்னோடு ஒட்டியிருக்கும் விழித்திரையையும் சேர்த்து இழுக்கும். நடுவில் இருக்கிற மையத்தைப் பெயர்த்துவிட்டால், பார்வை போயிற்று. அறுவை செய்யும்போது டாக்டர் அந்தக் கூழை வெட்டி எடுப்பார். அறுவைக்காக உள்ளே செலுத்தும் தண்ணீர் அதில் கலப்பதற்கு முன் ஒரு துளியை நமக்குத் தருவார். சர்க்கரை இல்லாதவர்களின் கண்ணிலிருந்து வந்த துளியோடு அதை ஒப்பிட்டு, எந்தப் புரதம் கூடியது, எந்தப் புரதம் குறைந்தது என்று பார்ப்பது நம் வேலை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் மனைவி, "சரி, இப்ப ஆம்லெட் போடறதா வேணாமா?" என்றாள். அன்றிலிருந்து நல்ல உவமைக்கு நான் அலைந்துகொண்டிருந்தேன்.

அலைந்தவனுக்கு அது ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து சேர்ந்தது.

அன்வர் பாய் அங்கே ஒரு தோல் கம்பெனியில் சார்ட்டிங் மேஸ்திரி. பதனிட்டு, சாயமேற்றி, பளபளவென்று முடிந்து வரும் தோல்களை ஜன்னலோரம் போட்ட பெரிய மேஜையில் விரித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, உண்ணி கடித்த தழும்பு இருக்கிறதா, கத்தி பட்டிருக்கிறதா, சாயம் ஏறி இறங்கியிருக்கிறதா என்று கண்டு தரவாரியாகப் பிரித்துப் போடுகிற வேலை. கண்தான் அவருடைய கருவி. அந்தக் கருவிகளில் வலதுபக்கத்தது ஏற்கெனவே போய்விட்டது. ரத்தம் கசிந்து, "தூசி விழுந்திருக்கும்" என்று அவர் சும்மா விட்டு, விழித்திரை மொத்தமாகப் பெயர்ந்த பிறகுதான் எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தார். இடது கண்ணிலும் இழுவை ஆரம்பித்திருந்தது. மையம் மட்டும் இன்னும் ஒட்டியிருந்தது. சீக்கிரம் அறுவை செய்ய வேண்டும் என்று டாக்டரம்மா நாள் குறித்திருந்தார்.

டாக்டரம்மாவின் பெயர் வேண்டாம். படித்தால் திட்டுவார். எனக்குத் தெரிந்த வேலையில் பாதியை அவரிடம் கற்றேன். மீதிப் பாதி அவர் திட்டியதால் வந்தது.

கண்ணிலிருந்து எடுக்கும் துளியை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ள நோயாளியிடம் விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்குவது என் பொறுப்பு. அன்வர் பாய் என் எதிரில் உட்கார்ந்து, தலையை லேசாக வலப்பக்கம் திருப்பி, இடது கண்ணால் என்னை எடை போட்டார்.

"கண்ணுல இருந்து எடுத்து இன்னா சார் பண்ணுவீங்க?"

"அதுல என்னென்ன புரதம் இருக்குன்னு பாப்போம் பாய்."

"புரதம்னா இந்த முட்டை, பருப்பு?"

"அதுவும்தான். கண்ணுக்குள்ள இருக்கிறது வேற. கொலாஜன்னு பேரு."

அவர் முகம் மலர்ந்தது. ஊர்விட்டு ஊர் வந்த இடத்தில் சொந்தக்காரரைப் பார்த்த மலர்ச்சி.

"கொலாஜனா! அட, அத்த வெச்சுதானே சார் எங்க பொழப்பே ஓடுது. எங்க கம்பெனி கெமிஸ்ட் தினமும் அதையேதான் ஓதிட்டிருப்பாரு. தோலுன்னா கொலாஜன், கொலாஜன்னா தோலு."

"அதே சரக்குதான். கண்ணுல ரொம்ப மெல்லிசா இருக்கும்."

"சர்க்கரை அத்த இன்னா பண்ணுது?"

"ஒரு நாரை இன்னொரு நாரோட கட்டிப் போட்டுடுது."

கைகளை உருட்டிக் காட்டினார். "தோலை டிரம்முல போட்டு உருட்டறப்போ குரோம் உப்பு பண்ற வேலை."

"கிட்டத்தட்ட."

"அப்போ என் கண்ணுக்குள்ளயே டானிங் நடக்குது, பதமாவுதுன்றீங்க."

தம்பிகளே, தங்கைகளே, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எத்தனை புத்தகம் புரட்டியிருப்பேன், இப்படி ஒரு வாக்கியம் அகப்பட்டதா? வேதியியல்படியும் பெரிய தப்பில்லை. "அதேதான் பாய்!" என்றேன். அவர் நிதானமாகச் சிரித்து, வலமிருந்து இடமாக உருதுவில் அழகாகக் கையெழுத்துப் போட்டு, சலாம் சொல்லிவிட்டுப் போனார். கேண்டீனில் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவருக்கும் பிடித்துவிட்டது. "நல்லா இருக்கே, இந்தப் பக்கத்து பேஷண்ட்ஸ் எல்லாருக்கும் இப்படியே சொல்லலாம்" என்றார். அந்த வாரம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் அந்த உவமையைக் கைக்குழந்தை மாதிரி மாற்றி மாற்றித் தூக்கி வைத்துக்கொண்டோம்.

குறித்த நாளில் அன்வர் பாய் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. ஊரில் ஏதோ விசேஷமாக இருக்கும் என்று நினைத்தோம்.

மறுநாள் புறநோயாளிப் பிரிவுக்கு ரபீக் என்று ஒருவர் வந்தார். அதே கம்பெனியில் டிரம் ஓட்டுபவர், அன்வர் பாயின் தோஸ்த். அவருக்கும் சர்க்கரை. டாக்டரம்மா விளக்கடித்து அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் ஏதோ காகிதம் எடுக்க உள்ளே போயிருந்தேன்.

"நம்ம அன்வர் பாய்க்கு முடிஞ்சிடுச்சாமே மேடம்" என்றார் ரபீக்.

"என்ன முடிஞ்சிடுச்சு?"

"கண்ணு. உள்ளயே பதனாயிடுச்சாம். இனிமே கெடவே கெடாது, ஆபரேஷன்லாம் வேணாம்னு கம்பெனி பூரா சொல்லிட்டிருக்காரு. எனக்கு இன்னும் எவ்ளோ நாள் ஆவும்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. என்னுது இன்னும் பச்சையாவா இருக்கு?"

டாக்டரம்மா விளக்கை அணைத்தார். மெதுவாக என் பக்கம் திரும்பினார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார், நம்ம உவமை ஆம்பூர்ல டூர் போயிட்டிருக்கு" என்றார். "போய்க் கூட்டிட்டு வாங்க."

என்ன நடந்திருக்கிறது என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. வேறு எந்த ஊரிலாவது ஒருவரிடம் "உன் கண்ணுக்குள் இருப்பது பதனிட்ட தோல் மாதிரி ஆகிக்கொண்டிருக்கிறது" என்றால் மயங்கி விழுவார். இங்கே கதை வேறு. இங்கே பச்சைத் தோல்தான் எதிரி. வெயிலில் ஒருநாள் விட்டால் நாறும், புழுக்கும், முதலே போய்விடும். உப்பு, சுண்ணாம்பு, டிரம் என்று எல்லாவற்றையும் கடந்து பதமாகிவிட்டால் அப்புறம் கவலை கிடையாது. பதமாவதென்றால் பிழைத்துக்கொள்வது. நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அன்வர் பாய்க்குச் சரியாகப் புரிந்திருந்தது. நான் சொல்லியிருந்தது அவருடைய ஊரில் நல்ல செய்தி.

கிளம்பும்போது டாக்டரம்மா வராந்தாவரைக்கும் வந்தார்.

"அவருக்குப் புரியலன்னு நெனச்சுப் பேசாதீங்க. புரிஞ்சுதான் முடிவு பண்ணியிருக்காரு. பயமும் காட்டாதீங்க. பயந்தவங்க நம்மகிட்ட வரமாட்டாங்க, வேற எங்கயாவது ஓடிடுவாங்க."

"எவ்வளவு நாள் இருக்கு மேடம்?"

"மையம் இன்னிக்கு ஒட்டிட்டிருக்கலாம். நாளைக்கும் இருக்கலாம். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

வெள்ளிக்கிழமை. அந்தக் கம்பெனிக்கு வாரவிடுமுறை அன்றுதான். மதியத் தொழுகை முடிந்து அன்வர் பாய் வீட்டில் இருந்தார். என்னைப் பார்த்ததும், மாப்பிள்ளை வீட்டார் வந்த மாதிரி விழுந்து விழுந்து உபசரித்து உட்கார வைத்தார். அவருடைய மனைவி நசீமா கதவோரம் நின்று ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார். அந்தப் பார்வையில் உபசாரம் கம்மி.

நான் பஸ்ஸில் வாதங்களை அடுக்கிக்கொண்டே வந்திருந்தேன். முதல் வாதத்தை எடுத்தேன்.

"பாய், பதனிட்டா தோல் சுருங்கும் இல்லையா?"

"சுருங்கும். அதுக்குத்தானே சட்டத்துல கிளிப்பு போட்டு நாலாபக்கமும் இழுத்துக் காய வெக்கிறோம்."

"கண்ணுக்குள்ள கிளிப்பு யாரு போடறது?"

"படைச்சவன் போட்டிருப்பான் சார். நம்மள விட அவனுக்குத் தொழில் தெரியும்."

அடுத்த வாதம். "தோல் வெறைச்சுப் போயிடும். கண்ணுக்குள்ள இருக்கிறது இளகின கூழா இருக்கணும்."

"எண்ணெய் ஊட்டினா பஞ்சு மாதிரி ஆயிடும் சார். தோலுக்கு ஊட்டறது மீன் எண்ணெய்." எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "பாருங்க. சுகர் டாக்டரே மீன் எண்ணெய் மாத்திரைதான் எழுதிக் குடுத்திருக்காரு. தெரியாமலா குடுப்பாரு?"

ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு தோலைப் பற்றி வாதம் பண்ணி ஜெயித்தவன் எவனுமில்லை. இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, மடக்கி, முறுக்கி, என் கையில் கொடுத்தார். அவர் கல்யாணத்துக்கு வாங்கியதாம். "எங்கியாச்சும் வெடிச்சிருக்கா பாருங்க." வெடிக்கவில்லை. பிள்ளைகள் பெற்று வளர்த்த பெல்ட். என்னை விட நல்ல நிலையில் இருந்தது.

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். வாதம் தீர்ந்தவனுக்குக் கையில் இரண்டு ஆயுதங்கள்தான் மிஞ்சும். ஒன்று, "நாளைக்கே குருடாயிடுவீங்க" என்று மிரட்டுவது. இன்னொன்று, "ஒரு பயமும் இல்லை, முன்ன விட நல்லா தெரியும்" என்று ஆசை காட்டுவது. இரண்டும் என் நாக்கு நுனிக்கு வந்து வரிசையில் நின்றன. எதை முதலில் விடுவது என்பது மட்டும்தான் பாக்கி. அவருடைய கண் பிழைத்தால் போதும், எப்படிச் சொன்னால் என்ன என்றுதான் எனக்கும் தோன்றியது. உங்களுக்கும் தோன்றும்.

நசீமா டீ கொண்டுவந்தார். எனக்குச் சர்க்கரை போட்டது, பாய்க்குப் போடாதது. தட்டை வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றார்.

"ஏங்க, ஒரு சந்தேகம்" என்றார் புருஷனிடம். "தோலைப் பதம் பண்றதுக்கு மின்னாடி மாட்ட இன்னா பண்றாங்க?"

"இன்னா பண்ணுவாங்க? அறுப்பாங்க."

"உசுரோட நிக்கிற மாட்டை யாராச்சும் டிரம்முல போட்டு உருட்டுவாங்களா?"

"பைத்தியமா உனக்கு?"

"நானா பைத்தியம்? உசுரோட இருக்கிற கண்ணைப் பதம் பண்ணிட்டேன்னு ஊரெல்லாம் பீத்திட்டுத் திரியறது நானா?"

எனக்கு எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது. மரியாதைக்காக டீயைக் குடித்தேன். அன்வர் பாய் பெல்ட்டை வாங்கி மறுபடி இடுப்பில் மாட்டத் தொடங்கினார். மாட்டி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. முடிந்தது விஷயம், மாலை பஸ்ஸுக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நான் கணக்குப் போட்டேன்.

"நீ உள்ள போ" என்றார் அவர்.

"போவமாட்டேன். கம்பெனி விஷயத்த சார்கிட்ட சொல்லுங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

அவர் சொன்னார். சர்க்கரைக்காகக் கண்ணைக் காட்டிக்கொண்டிருக்கிறார் என்பதுவரைதான் கம்பெனிக்குத் தெரியும். வலது கண் போனது அங்கே யாருக்கும் தெரியாது. மேஜைக்கு வலப்பக்கத்து மூலையில் ஜன்னலை ஒட்டி நின்றால் எல்லாத் தோலும் தன் இடப்பக்கமாக வரும் என்று இடத்தை மாற்றிக்கொண்டார். கழுத்து வலி என்று சொல்லித் தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். அறுவை செய்துகொண்டால் மாதக்கணக்கில் லீவு போட வேண்டும், கட்டு போட வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் ஒற்றைக்கண் மேஸ்திரி என்று தெரிந்துவிடும். அப்புறம் அந்த மேஜைக்கு வேறு ஆள்.

"கேட்டுல உக்கார வெச்சிடுவாங்க சார். லாரி நம்பர் எழுதற வேலை. அதுக்கு ஒரு கண்ணே ஜாஸ்தி."

ஆக, பதனிட்ட கண்ணை அவர் முழுசாக நம்பினாரா? பாதிதான் நம்பியிருப்பார். மீதிப் பாதிக்கு நம்பிக்கை தேவைப்பட்டது. அறுவை வேண்டாம் என்பதற்கு ஒரு கௌரவமான காரணம் அவருக்கு வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியே அதைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பியிருக்கிறது.

இது புரதத்தால் வந்த சிக்கல் இல்லை. போனை எடுத்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, விஷயத்தை அப்படியே சொல்லி, ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைத்தேன்.

"பாய், நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஆபரேஷன் பண்ணா மேஜையில நின்னு சரக்குப் பாக்கற அளவுக்குக் கண்ணு தெரியுமா, தெரியாதா?"

"எனக்குத் தெரியாது பாய்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தெரியலாம். இப்ப இருக்கிறதை விடக் கொஞ்சம் கம்மியாவும் ஆகலாம். ஆபரேஷன்லயே மோசமா போறது கூட உண்டு. ரொம்பப் பேருக்கு ஆகாது, ஆனா உண்டு. பண்ணாம விட்டா அது இழுத்துட்டேதான் இருக்கும், ஒருநாள் மையம் பெயர்ந்துடும். அது ஒண்ணுலதான் எனக்குச் சந்தேகமில்ல."

"மத்ததுல சந்தேகம்ன்றீங்க."

"ஆமா. சந்தேகம்தான்."

"யோசிச்சு சார்கிட்ட சொல்லுங்க" என்று டாக்டரம்மா போனை வைத்துவிட்டார். எனக்கு அவர்மேல் சொல்லமுடியாத எரிச்சல். நசீமா மாட்டை வைத்துப் பாதி தூரம் இழுத்து வந்த வண்டியை, ஒரு "தெரியாது" சொல்லிக் குடை சாய்த்துவிட்டாரே என்று.

அன்வர் பாய் என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்துப் பேசினார்.

"எங்க மேஜையில மூணு கட்டு வெப்போம். ஒண்ணாம் தரம், ரெண்டாம் தரம், மூணாம் தரம். புதுசா வர்றவனுங்க தோலைப் பாத்த உடனே டக்குடக்குன்னு இந்த மூணுத்துல ஒண்ணுல தூக்கிப் போட்டுடுவானுங்க. பாக்கறதுக்கு ஜோராத்தான் இருக்கும். எதுலயும் சேத்தியில்லன்னு தோணறத, எனக்குத் தெரியலன்னு ஒத்துக்கினு தனியா நாலாவது கட்டா வெக்கிறதுக்குத்தான் தில்லு வேணும். ஓனர் வந்து பாத்தா அத்ததான் முதல்ல கேப்பாரு, இது ஏன் இங்க கெடக்குதுன்னு. அத்த வெக்கத் தெரிஞ்சவனத்தான் நான் மேஜையில நிறுத்துவேன்."

"அதுக்கு இப்ப இன்னா?" என்றார் நசீமா.

"மேடம் நாலாவது கட்டுல வெக்கிறாங்க. அவங்க கையில குடுக்கலாம்." என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு ஓனர்கிட்ட நானே சொல்லிட்டு வர்றேன் சார். வெச்சா வெச்சுக்கட்டும், கேட்டுல உக்கார வெச்சா வெக்கட்டும்."

சொன்னாராம். ஓனர் "சரி, வந்தப்புறம் பாக்கலாம்" என்றாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று நசீமா என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? நானும் அதை நாலாவது கட்டில் வைத்தேன்.

அறுவையன்று டாக்டரம்மா முதலில் எடுத்துக் கொடுத்த துளி தெளிவாக இல்லை. இளமஞ்சளாக இருந்தது. ஒழுகி வந்த புரதங்களின் நிறம். நல்ல கண்ணிலிருந்து வருகிற துளி தண்ணீர் மாதிரி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இயந்திரமே தேவையில்லை. பிறகு அவர் நுண்நோக்கியில் என்னைப் பார்க்கச் சொன்னார். விழித்திரைமேல் ஒரு மெல்லிய சவ்வு, தப்பட்டையில் இழுத்துக் கட்டிய தோல் மாதிரி, மையத்தைச் சுற்றி விறைத்து நின்றது. "பாருங்க, நம்ம சரக்கு" என்றார் முகமூடிக்குள்ளிருந்து. அதை ஓரம் ஓரமாகக் கத்தரித்து உரித்து எடுத்து, விழித்திரையைப் படிய வைத்து, அது மறுபடி எழும்பாமல் இருக்க உள்ளே சிலிக்கோன் எண்ணெய் நிரப்பினார். குப்புறப் படுக்க வேண்டும், உட்கார்ந்தாலும் தலையைத் தொங்கப்போட்டு உட்கார வேண்டும் என்று உத்தரவு. "நாள் பூரா சஜ்தாவுலயே இருக்கச் சொல்லிட்டீங்க" என்றார் அன்வர் பாய். "இத்தன நாள் விட்ட தொழுகையெல்லாம் படைச்சவன் சேத்து வெச்சு வாங்கறான் போல."

இப்போது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். விளக்கிச் சொல்லிவிட்டு, "புரிஞ்சுதா?" என்று நாம் கேட்போம். எல்லோரும் தலையாட்டுவார்கள். அது வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்வது மாதிரி. கொஞ்சம் விவரமானவர்கள், "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்பார்கள். அன்வர் பாயிடம் நான் அதைக் கேட்டிருந்தாலும் பிரமாதமாகத் திருப்பிச் சொல்லியிருப்பார். கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. "இதைக் கேட்டுட்டு, வீட்டுக்குப் போய் என்ன பண்ணப் போறீங்க?" அதைக் கேளுங்கள். ஒரே உண்மையை எடுத்துக்கொண்டு ஒருவர் ஆபரேஷன் மேஜைக்கு வருவார், இன்னொருவர் வீட்டுக்குப் போவார். உண்மை எந்தப் பக்கம் நடக்கும் என்பது அவர் ஊரைப் பொறுத்தது, தொழிலைப் பொறுத்தது, யாரிடம் எதை மறைத்து வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. உவமை சொல்லாதீர்கள் என்று சொல்லமாட்டேன். உவமை இல்லாவிட்டால் எனக்குப் பேச்சே வராது. சொன்னபின் அது எந்த பஸ்ஸில் ஏறுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. டாக்டரம்மா சொன்ன அந்தத் "தெரியாது" இருக்கிறதே, அதை நான் சொல்லக் கற்றுக்கொள்ள இன்னும் பல வருடங்கள் ஆயின. தெரியாதவற்றை நிறையச் சேர்த்து வைத்திருந்தும், சொல்லத்தான் வாய் வரவில்லை. நீங்கள் இளம் வயதிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

சில வாரங்கள் கழித்து அன்வர் பாய் மறுபரிசோதனைக்கு வந்தார். இனி நிமிர்ந்து உட்காரலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தும், பழக்கம் விடாமல், தற்காலிகமாகக் கொடுத்த கண்ணாடியோடு வராந்தா பெஞ்சில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நசீமா. உள்ளே டாக்டரம்மா பார்வையைச் சோதிக்கும் எழுத்துப் பலகையின் விளக்கைப் போட்டுவிட்டு அவரைக் கூப்பிட வாசலுக்கு வந்திருந்தார். நான் சத்தம் காட்டாமல் போய் அன்வர் பாய் எதிரில் நின்றேன். எப்படி இருக்கிறது என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

"சாரா?" என்றார், நிமிராமல்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"ஷூவை வெச்சுத்தான். அன்னிக்கு எங்க வீட்டு வாசல்ல கழட்டி விட்டீங்களே, அப்பவே பாத்தேன். லெதர்னு சொல்லிக் குடுத்தானா?"

"லெதர்தான் பாய். சுத்த லெதர்."

"ரெக்ஸின் சார். வீட்டுக்கு வந்தவர பேஜார் பண்ணக் கூடாதுன்னு அன்னிக்கு சொல்லல."

"சும்மா இருங்க" என்றார் நசீமா.

"இரு. சார், இடது ஷூவுல சுண்டுவிரல் பக்கமா மெல்லிசா வெடிப்பு விட்டிருக்கு. அன்னிக்கு அது இல்ல."

குனிந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தேன். இருந்தது, தலைமுடி கனத்துக்கு. நிமிர்ந்தபோது டாக்டரம்மா உள்ளே போய் எழுத்துப் பலகையின் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்.